மயிலாத்தா பாஸ் பண்ண பீஸ்

குனிஞ்சு பாக்காதீங்க கண்ணு. உக்கார்ற சீட்டு ஆடலைங்க. பஸ்ஸுல எங்கயும் நட்டு கழண்டு போகலை. நாந்தானுங்க. என்ற இடுப்புல இருந்துதான் வருது அந்தச் சத்தம்.

பாத்தீங்களா, வாயத் தொறந்து சொல்லிப்போட்டேன். சொந்தக்காரங்ககிட்டக்கூட இப்படிச் சொன்னதில்ல. நீங்க யாரோ எவரோ, பஸ்ஸை விட்டு எறங்குனா நீங்க ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். அதனால சொல்லலாமாட்ட இருக்குது. நீங்க சன்னல் பக்கமே இருங்க, நான் இந்த ஓரத்துலயே உக்காந்துக்கறேன். ஏனுங்க, இந்த பஸ்ஸு தெக்கலூருக்குள்ள போகுமில்லீங்க? பாதி பஸ்ஸு பைபாஸ்லயே போயிருது. கண்டக்டர்கிட்டக் கேட்டேன், போகும்னாரு. டிக்கெட்டு என்னமோ கோயமுத்தூருக்குத்தான் எடுத்திருக்கறேன். ஆசுபத்திரிக்குப் போறேனுங்க. நடுவுல தெக்கலூர்ல ஒரு சின்ன வேலை.

எனக்குத் திருப்பூருங்க. அனுப்பர்பாளையத்துப் பக்கம் வந்து செக்கிங் மயிலாத்தான்னு கேட்டீங்கன்னா பேக்கரிக்காரர்கூட வழி சொல்லுவாரு. பனியன் கம்பெனியில செக்கிங்னா தெரியுமுங்களா? தெச்சு வர்ற டீசர்ட்டை டேபிள்ல விரிச்சுப்போட்டு, தையல் விட்டிருக்குதா, ஊசி ஓட்டை இருக்குதா, எண்ணெய்க் கறை இருக்குதான்னு பாக்கறது. கொறை இருந்தா அந்த எடத்துல செவப்பா ஒரு அம்பு ஸ்டிக்கர் ஒட்டி இக்கட்ட போட்டறணும். நல்லா இருந்தா நம்ம நம்பரை ஒட்டி அக்கட்ட தள்ளணும். அப்பத்தான் நாளைக்கு ஏதாச்சும்னா எவ பாத்தான்னு தெரியும். நான் பாஸ் பண்ண பீஸை தரம் பாக்கற க்யூசி வந்து மறுக்கா பிரிச்சுப் பாக்க மாட்டாருங்க. "மயிலாத்தாக்கா பாத்தாச்சா? அப்ப பெட்டியைக் கட்டுங்கப்பா"ம்பாரு. பெருமைக்குச் சொல்லலைங்க. பெருமைதான், இல்லைன்னு சொன்னா சாமி ஒத்துக்காது.

அப்படி இருந்தவ ஒரு நாளு கம்பெனி வேன்ல இருந்து எறங்கறப்ப சேலைத் தலைப்பு கதவுல மாட்டிருச்சு. இழுத்துட்டு எறங்குனேன், கால் பெரண்டு தார் ரோட்டுல விழுந்தேன். தொடையும் இடுப்பும் சேர்ற எடத்துல எலும்பு முறிஞ்சுபோச்சு. அந்த எடத்துல ஒரு பந்தும் ஒரு கிண்ணமும் இருக்குதாமுங்க நம்ம எல்லாருக்கும். பந்து கிண்ணத்துக்குள்ள சுத்தறதுனாலதான் நாம நடக்கறோமாம். ரெண்டையும் எடுத்துட்டு இரும்புல வெக்கணும்னாங்க. கோயமுத்தூர்ல பெரிய ஆசுபத்திரி, பேரு எதுக்குங்க, நல்ல ஆசுபத்திரிதான். டாக்டரும் தங்கமான மனுசன்.

அந்த டாக்டரு ஆபரேசனுக்கு மொதல் நாளு சாம்பிளைக் கொண்டுவந்து என்ற கையில குடுத்தாருங்க. "இதுதாம்மா உள்ள வெக்கப் போறோம், வெளிநாட்டுச் சரக்கு"ன்னாரு. வாங்கிப் பாத்தேன். கையில ஒண்ணைக் குடுத்தா என்னால சும்மா பாத்துட்டுத் திருப்பிக் குடுக்க முடியாதுங்க. வெளிச்சத்துல புடிச்சேன், திருப்பித் திருப்பிப் பாத்தேன், நகத்தை வெச்சு ஓரமெல்லாம் இழுத்துப் பாத்தேன். ஒரு பிசிறு இல்லைங்க. கண்ணாடியாட்ட இருந்துச்சு. பந்தைக் கிண்ணத்துல வெச்சுச் சுத்திப் பாத்தேன், சத்தமே இல்லாம பொட்டாட்ட சுத்துச்சு. டாக்டரு சிரிச்சுக்கிட்டே, "என்னம்மா, செக்கிங் முடிஞ்சுதா? பாஸா?"ன்னாரு. "பாஸுங்க"ன்னு சொன்னேன்.

சொன்னேனுங்க. என்ற வாயாலதான் சொன்னேன்.

மொதல் வருசம் ஒண்ணும் தெரியலை. நல்லாத்தான் நடந்தேன். கம்பெனிக்கும் போனேன். அதுக்கப்பறம் ஒரு நாளு கம்பெனி மாடிப்படி ஏறறப்ப சத்தம் வந்துச்சு. எண்ணெய் போடாத கெணத்துச் சகடையாட்ட, கீச்சு கீச்சுன்னு. மொதல்ல படிக்கட்டுக் கைப்புடிதான்னு நெனச்சேன். உங்களாட்டவே குனிஞ்சு பாத்தேன். அப்பறம் சமதரையிலயும் வந்துச்சு. உக்காந்து எந்திரிச்சா நெம்பச் சத்தமா வரும். செக்கிங் டேபிள்ல இருந்து நான் எந்திரிச்சா அந்தக் கடைசியில டெய்லருங்களுக்குத் துணி மடிச்சுக் குடுக்கற கைமடிப் புள்ளைங்க திரும்பிப் பாக்கும். "அக்கா பிரேக் போடறாங்க"ன்னு ஒருத்தி சொல்ல, மத்ததுக எல்லாம் வாயப் பொத்திக்கிட்டுச் சிரிக்கும். சின்னப் புள்ளைங்க, சிரிக்கத்தான் செய்யும். ஆனா எனக்கு அப்படியே ஒடம்பு கூசிப்போகுமுங்க. சீலை அவுந்து விழுந்தாக்கூட எடுத்துக் கட்டிக்கலாம். இதை என்னத்தைப் போட்டு மூடறது?

வெளக்கெண்ணெய் தடவிப் பாத்தேனுங்க. சிரிக்காதீங்க. இடுப்பைச் சுத்தித் தடவி, துணியைச் சுத்திக்கிட்டுப் படுத்தேன். உள்ள இருக்கற இரும்புக்கு வெளிய தடவுனா எப்படிப் போய்ச் சேரும்? எனக்கும் தெரியுது. இருந்தாலும் தடவுனேன். டாக்டர்கிட்டப் போகலை. போனா, "என்னம்மா, எப்படி நடந்தீங்க, என்ன பண்ணித் தொலைச்சீங்க"ன்னு கேட்டுப்போடுவாரோன்னு பயம். நான்தான் ஏதோ தப்பா நடந்திருக்கறேன், தப்பா உக்காந்திருக்கறேன்னே நெனச்சுட்டு இருந்தேன்.

வேலையை விட்டுப்போட்டேன். கோயிலுக்குப் போறதையும் விட்டுப்போட்டேன். பூசை நடக்கறப்ப மணி அடிக்கற வரைக்கும் ஒண்ணுமில்ல, அது நின்னதுக்கப்பறம் நான் எப்படி நகர்றதுங்க? எனக்கு நிம்மதின்னா அது எங்கூட்டுக்காரர் பக்கத்துல இருக்கறப்ப மட்டுந்தான். அவரு சோமனூர்ல தறிக்குடோன்ல இருந்தவரு. தறிச் சத்தத்துல காது போயிருச்சு. இடி இடிச்சாலும் மழை வருதான்னு வெளிய போய்த்தான் பாப்பாரு. அவர்கூட எங்க வேணும்னாலும் நடப்பேன். ஊட்டுக்குள்ளதான் சொல்றேன், அதுவும் பொண்ணு ஆபீசுக்குப் போனதுக்கப்பறம்; அவ இருந்தா டிவியைச் சத்தமா வெச்சுட்டு உக்காந்தே இருப்பேன்.

அப்பத்தான் ஆசுபத்திரியில இருந்து போன் வந்துச்சு. ஒரு பொண்ணு பேசுச்சு. "அம்மா, உங்களுக்கு வெச்சிருக்கற இடுப்பு மூட்டு இருக்குதில்ல, அதைக் கம்பெனிக்காரங்க ரீகால் பண்றாங்கம்மா"ன்னுச்சு. ரீகாலுன்னதும் என்ற காலுக்குத்தான் இங்கிலீசுல என்னமோ பேருன்னு நெனச்சுட்டேன். "காலு பரவால்லீங்க அம்மிணி, இடுப்புலதான் கொஞ்சம்"னு ஆரம்பிச்சேன். "இல்லம்மா, திரும்ப எடுத்துக்கறாங்க. ஒண்ணாச் செஞ்சு அனுப்புன அந்த லாட் முழுசும்"னுச்சு.

லாட்டு. அந்த ஒரு வார்த்தைதானுங்க.

உங்களுக்கு எப்படிச் சொல்றது? எங்க ஊருல ஒருத்தர் செத்துப்போனாக்கூட ரெண்டு நாள் அழுதுட்டு எந்திரிச்சிருவாங்க. லாட்டு திரும்பி வந்துருச்சுன்னா கம்பெனியே எழவு விழுந்தாப்ல ஆயிருமுங்க. எங்க கம்பெனியில ஒருக்கா வந்துச்சு. செவப்பு டீசர்ட்டு, வெள்ளைக் காலரு. கப்பல்ல போயி, கடைக்குப் போயி, வாங்குனவங்க தொவைச்சதும் செவப்புச் சாயம் எறங்கி வெள்ளைக் காலரெல்லாம் ரோசாக் கலராயிருச்சு. ஆர்டர் குடுத்த பையர் மொத்தத்தையும் திருப்பிட்டான். மொதலாளி செக்கிங் பொம்பளைங்க அத்தனை பேரையும் வரிசையா நிக்க வெச்சாரு. பெட்டியைப் பிரிச்சு ஒரு பீஸை எடுத்து, அதுல யாரு நம்பர் ஒட்டியிருக்குதுன்னு பாத்தாரு. மகுடீஸ்வரின்னு ஒருத்தி. அவ நம்பரு. எல்லாரு முன்னாலயும் அந்த டீசர்ட்டை அவ கையில குடுத்து, "இதை நீயே போட்டுக்க"ன்னாரு. அவ அதை வாங்கி நெஞ்சோட புடிச்சுக்கிட்டு, தலையைக் குனிஞ்சுக்கிட்டுப் போனவதான். அதுக்கப்பறம் எந்தக் கம்பெனியிலயும் அவளைச் செக்கிங்ல சேத்துக்கலை.

நீங்க என்ன சொல்ல வர்றீங்கன்னு தெரியுதுங்க. சாயம் எறங்கறது தொவைச்சாத்தான் தெரியும், செக்கிங்ல எப்படித் தெரியும்னு. என்ற பொண்ணும் அதத்தான் சொல்லுவா. அது வாஸ்தவம்தான். ஆனா ஸ்டிக்கர் அவளோடதுதானுங்களே? பாஸ் பண்ணவ பாஸ் பண்ணவதான். அன்னைக்கு நானே பக்கத்துல நின்னவகிட்ட, "பொறுப்புன்னு ஒண்ணு வேணுமில்ல"ன்னு சொன்னேன். இன்னைக்கும் அதைத்தான் சொல்லுவேன்.

அதனாலதானுங்க போன்ல அந்தப் பொண்ணுகிட்ட நான் மொதல்ல கேட்டது அதுதான். "ஏனுங்க அம்மிணி, இதை யாரு பாஸ் பண்ணது?"

அதுக்குப் புரியலை. "இதுல உங்க தப்பு ஒண்ணுமில்லம்மா"ன்னுச்சு. "உங்க தப்புங்களா?"ன்னேன். "அய்யோ, எங்க தப்பும் இல்ல." "டாக்டருதுங்களா?" "டாக்டர் என்னம்மா பண்ணுவாரு, கம்பெனி அனுப்புனதை வெச்சாரு." "அப்ப கம்பெனியில யாரு?" "வெளிநாட்டுல இருக்காங்கம்மா. வருத்தம் தெரிவிச்சு அறிக்கை விட்டிருக்காங்க." "வருத்தப்படறவங்க பேரு போட்டிருக்குதுங்களா?"ன்னேன். "பேரெல்லாம் போட மாட்டாங்கம்மா"ன்னு அந்தப் பொண்ணு சிரிச்சுப்போடுச்சு.

எனக்கு அது நெஞ்சுல முள்ளாட்ட நின்னுபோச்சு. இவ்வளவு பெரிய லாட்டு திரும்பிப் போகுது, தலையக் குனிய ஒரு ஆளு இல்லைங்க. எங்க ஊருல இருந்து அவங்க ஊருக்குப் போன பனியன் திரும்பி வந்தா, இங்க ஒரு பொம்பளை தலையக் குனிஞ்சு நிக்கறா. அவங்க ஊருல இருந்து வந்த இரும்பு திரும்பிப் போனா, அங்க யாரும் இல்லை. யாராச்சும் ஒருத்தர் வெக்கப்படணுமில்லீங்க? யோசிச்சு யோசிச்சுப் பாத்தேன். கையில வாங்கி, வெளிச்சத்துல புடிச்சு, நகத்தால இழுத்துப் பாத்து, பாஸுன்னு சொன்னது யாரு? அப்ப அது என்ற நம்பர்தானுங்களே.

யாருகிட்டயும் சொல்லலை. எப்படிச் சொல்றது? செக்கிங் மயிலாத்தா பாஸ் பண்ண பீஸு திரும்பப் போகுதுன்னு தெரிஞ்சா அந்தக் கைமடிப் புள்ளைங்க அதையும் சொல்லிச் சிரிக்கும். இன்னொண்ணும் மனசுல ஓடுச்சு. ரிஜெக்ட் லாட்டுன்னா அத்தனையும் மோசமா இருக்காதுங்க. காதர்பேட்டைக்குப் போய்ப் பாருங்க, எக்ஸ்போர்ட் ரிஜெக்ட்டுன்னு குமிச்சு வெச்சு விப்பாங்க, ஊரே வாங்கிப் போட்டுட்டுத் திரியுது. அதுல நல்ல பீஸும் இருக்கும். என்றது நல்ல பீஸா இருக்கலாமில்லன்னு நெனச்சேன். சத்தந்தானே, இருந்துட்டுப் போகட்டும்னு. ஆசுபத்திரி நம்பர் வந்தா போனை எடுக்கறதை நிறுத்திப்போட்டேன்.

அந்த நேரம் பாத்துத்தான் என்ற பொண்ணுக்கு எடம் அமைஞ்சுது. ஒரே பொண்ணுங்க, மோகனப்பிரியா. எக்ஸ்போர்ட் ஆபீசுல மெர்ச்சண்டைசரா இருக்கறா, வெளிநாட்டுக்காரங்ககூட இங்கிலீசுல பேசிப்போட்டு, போனை வெச்சதும் நம்ம பாசையில திட்டுவா. மாப்பிள்ளை தெக்கலூருங்க. நல்ல பையன், தமிழரசுன்னு பேரு. அவங்க அம்மா சம்பூர்ணம், அவங்கதான் அந்த ஊட்டுல எல்லாம். பையனும் பிரியாளும் போன்ல ரெண்டு மூணு தடவை பேசியிருக்கறாங்க. ஒரு நாளு பேசிப்போட்டு அவ தனியாச் சிரிச்சுக்கிட்டே தண்ணி மோந்து குடிச்சதை நான் பாத்தேன். நெம்ப நாளைக்கு அப்பறம் அப்படிச் சிரிச்சா.

தரகர்கிட்ட நான் ஒண்ணு சொல்லி வெச்சிருந்தேன். என்ற ஆபரேசனைப் பத்தி மூச்சு விடாதீங்கன்னு. பொண்ணோட அம்மாளுக்கு இடுப்புல இரும்பு வெச்சிருக்குதுன்னா, பொண்ணுக்கும் எலும்பு வீக்கா இருக்கும்னு சொல்லிப்போடுவாங்கன்னு பயம். சொல்லுவாங்களா மாட்டாங்களா?

பூ வெச்சு உறுதி பண்ண வர்றோம்னு சொல்லியிருந்தாங்க. நான் எல்லாம் ஏற்பாடாத்தான் வெச்சிருந்தேன். ஹால்ல காத்தாடியை முழு வேகத்துல வெச்சு, பக்கத்துல டேபிள் பேனும் ஒண்ணு வெச்சு, டிவியில பாட்டுப் போட்டுவிட்டிருந்தேன். அவங்க வாசலுக்கு வர்றப்ப எந்திரிச்சு, வாங்கன்னு கும்பிட்டு, ரெண்டு எட்டு வெச்சுப் போயி சம்பூர்ணத்தம்மா கையப் புடிச்சுக் கூட்டிட்டு வரணும். அந்த ரெண்டு எட்டு பாட்டுச் சத்தத்துல போயிரும்னு கணக்கு. காலையில அதே மாதிரி நடந்துகூடப் பாத்தேன்.

கார் வந்து நின்னுச்சு. அவங்க செருப்பைக் கழட்டிட்டு உள்ள கால் வெக்கறாங்க, கரண்டு போயிருச்சுங்க.

காத்தாடி நின்னுபோச்சு. டிவி நின்னுபோச்சு. ஊசி விழுந்தாக்கூடக் கேக்கற அமைதி. எங்கூட்டுக்காரரு மட்டும், "வாங்க, வாங்க, உக்காருங்க"ன்னு தறிக்குடோன்ல கூப்புடற மாதிரி கத்தறாரு. அப்பறம் அவரும் நிறுத்திட்டாரு. எல்லாரும் என்னையப் பாக்கறாங்க. சம்பூர்ணத்தம்மா கையில பூத்தட்டு. என்ற முன்னால வந்து நிக்கறாங்க. நான் எந்திரிச்சு வாங்கோணும். எங்க பக்கம் அதெல்லாம் நெம்பப் பாப்பாங்கன்னு உங்களுக்கே தெரியுமுங்க. ஊட்டுக்கு வந்த ஒறம்பரையை எந்திரிச்சு வாங்கன்னு சொல்லலைன்னா, அதுக்கப்பறம் பந்தி போட்டென்ன, பட்டுச் சீலை எடுத்தென்ன.

எந்திரிக்கலைங்க. உக்காந்த எடத்துல இருந்தே கும்பிட்டேன். கும்பிட்டுச் சிரிச்சேன். அவங்க நின்னுட்டே இருந்தாங்க. நானும் உக்காந்துட்டே இருந்தேன். பிரியாதான் ஓடி வந்து தட்டை வாங்குனா. என்னையத் திரும்பி ஒரு பார்வை பாத்தா பாருங்க. அவங்க போறப்பவும் கரண்டு வரலை. நான் வாசல் வரைக்கும் போகலை.

மறுநாளு தரகர் வந்தாரு. "பொண்ணு நல்ல பொண்ணுதான், ஆனா பொண்ணோட அம்மா மகாராணியாட்ட உக்காந்திருந்தாங்க, மரியாதை தெரியாத ஊட்டுல எடுக்க மாட்டோம்னுட்டாங்க"ன்னாரு. எங்கூட்டுக்காரருக்கு அது கேக்கலை. பிரியாளுக்குக் கேட்டுச்சு. அவ ஒண்ணுமே கேக்கலைங்க என்னைய. எதுக்கும்மா உக்காந்திருந்தேன்னு ஒரு வார்த்தை கேட்டிருந்தா அழுதாவது சொல்லியிருப்பேன். கேக்காமயே ஆபீசுக்குப் போயிட்டா. நான் போய் அவ ரூம்ல அவ போர்வையை மடிச்சு வெச்சுட்டு அங்கயே உக்காந்திருந்தேன். பெத்த புள்ளைக்கு வந்த எடத்தை ஒரு சத்தத்துக்கு வெக்கப்பட்டுத் தொலைச்சவ ஒருத்தி இருப்பாளாங்க? இருக்கறா. உங்க பக்கத்துல உக்காந்திருக்கறா.

நான் போன் எடுக்காததுனால ஆசுபத்திரியில இருந்து பிரியா நம்பருக்குக் கூப்பிட்டுட்டாங்க. அன்னைக்கு ஊட்டுக்கு வந்து ஆடித் தீத்துட்டா.

"லாட் முழுசும் திரும்ப எடுக்கறாங்கன்னா, அதுல உன்ற பீஸ் மட்டும் நல்லாருக்கும்னு நீ எப்படிம்மா நெனச்ச? இத்தனை வருசம் என்ன செக்கிங் பண்ண?"ன்னா.

"கண்ணு, உனக்கு வந்த எடம்"னு ஆரம்பிச்சேன்.

"எடமாவது மண்ணாவது. எந்திரிக்கலைன்னு கோவிச்சுட்டுப் போறவங்க ஊட்டுக்கு நான் போயி தெனமும் எந்திரிச்சு எந்திரிச்சு நிக்கணுமா? எனக்கு அதுல ஒரு வெசனமும் இல்ல. நீ உன்ற ஒடம்பைப் பத்தி என்கிட்டச் சொல்லலையே, அதுதாம்மா எனக்கு"ன்னு சொல்லிப்போட்டு அழுதா.

பாவமுங்க, எப்படி மறைக்கறா பாருங்க. எடம் போனதைச் சொன்னா எனக்குக் கஷ்டமா இருக்கும்னு, என்ற ஒடம்பைச் சொல்லி அழறா. பெத்தவளுக்குத் தெரியாதுங்களா?

அவளே லீவு போட்டு ஆசுபத்திரிக்குக் கூட்டிட்டுப் போனா. ரத்தம் எடுத்துப் பாத்தாங்க. டாக்டரு மூஞ்சி நல்லா இல்லை. பந்தும் கிண்ணமும் ஒரசி ஒரசி, கண்ணுக்குத் தெரியாத தூளா ரத்தத்துல எறங்கிட்டிருக்குதாம். சுத்தி இருக்கற சதையும் கெட்டுப்போகுதாம். "நீங்க மொதல்லயே வந்திருக்கணும்மா, இனி ஒரு நாள்கூடத் தள்ளிப்போடக் கூடாது"ன்னாரு.

"சாயம் எறங்கற மாதிரிங்களா?"ன்னு கேட்டேன்.

"அப்படித்தான்னு வெச்சுக்குங்க"ன்னாரு.

"கையில வெச்சுப் பாத்தா தெரியாதுங்களா?"

"யாரு பாத்தாலும் தெரியாதும்மா. உள்ள போயி நடந்தாத்தான் தெரியும்"னாரு.

அப்ப மகுடீஸ்வரி நெனப்பு வந்துச்சுங்க. அந்த டீசர்ட்டை நெஞ்சோட புடிச்சுக்கிட்டுப் போனாளே, அது. ஒரு நிமிசந்தான். அதுக்குள்ள டாக்டரு ஆபரேசன் தேதியைச் சொல்ல ஆரம்பிச்சுட்டாரு.

பழசைக் கழட்டி அந்தக் கம்பெனிக்கே அனுப்பிருவாங்களாம். புதுசு வேற எடத்துதாம். "இனிமே சத்தமே வராதும்மா, நீங்க ஓடலாம்"னு டாக்டரு சொன்னாரு. பிரியா என்ற கையப் புடிச்சுக்கிட்டுச் சிரிச்சா. எல்லாருக்கும் சந்தோசம். எனக்கு மட்டும் தூக்கி வாரிப்போட்டுச்சு. இதைக் கழட்டி அனுப்பிட்டா, சம்பூர்ணத்தம்மாளுக்கு நான் என்னத்தைக் காட்டறது?

தரகர்கிட்டச் சொல்லி அனுப்பிப் பாத்தேனுங்க, அம்மாளுக்கு இடுப்புல ஆபரேசன், அதனாலதான் எந்திரிக்கலைன்னு. "எடம் போனதுக்கப்பறம் சொன்னா கதை கட்டறாங்கம்பாங்க, வேண்டாம்"னுட்டாரு. அவரு சொல்றதும் சரிதானே? வாயில சொல்றதை யாரு வேணும்னாலும் சொல்லலாம். சத்தத்தைக் கதை கட்ட முடியுமுங்களா?

அதுதானுங்க தெக்கலூர்ல வேலை. இன்னைக்கு ஆசுபத்திரியில சேரணும், நாளைக்கு ஆபரேசன். எங்கூட்டுக்காரரைத் துணிப்பையோட முன்னாலயே அனுப்பிட்டேன். பிரியா ஆபீசுல ஏதோ சரக்கு அனுப்பிப்போட்டு நேரா அங்க வர்றேன்னா. நான் தனியா வந்துருவேன்னு சொன்னேன். தெக்கலூர்ல எறங்கறதை அவகிட்டச் சொல்லலை. அவங்க ஊடு பஸ் ஸ்டாப்புக்குக் கிட்டத்துலதான், பச்சைக் கேட்டு. அரை மணி நேர வேலை.

என்ன பேசறதுன்னு நேத்தெல்லாம் யோசிச்சேன். ஒண்ணும் பேசப் போறதில்லைங்க. பேசுனா எனக்கு வாய் கோணிரும். உள்ள போனதும் காத்தாடியை நிறுத்தச் சொல்லுவேன். டிவி ஓடுனா அதையும். அப்பறம் வாசல்ல இருந்து அவங்க உக்காந்திருக்கற எடம் வரைக்கும் நடப்பேன். உக்காருன்னா உக்காருவேன். உக்காந்து எந்திரிப்பேன். மறுக்கா உக்காந்து எந்திரிப்பேன். அவங்க போதும்னு சொல்ற வரைக்கும் எந்திரிச்சு எந்திரிச்சு நிப்பேன். அன்னைக்கு எந்திரிக்காததுக்கெல்லாம் சேத்து. புரிஞ்சுக்குவாங்க. பொம்பளைதானுங்களே அவங்களும்.

ஆமாங்க, என்ற போனுதான் அடிக்குது. பிரியாதான். எங்க வர்றேன்னு கேக்கத்தான் கூப்புடறா. அடிக்கட்டும். இல்லீங்க, நீங்க எடுத்துப் பேச வேண்டாம். வேண்டாம் கண்ணு, பைக்குள்ளயே இருக்கட்டும். நீங்களும் அவளாட்டவே பேசறீங்க. மொதல்ல ஆசுபத்திரி, மொதல்ல ஆசுபத்திரின்னு. நாளைக்கு நல்ல இடுப்பை வெச்சுக்கிட்டு நான் என்ன பண்றது, சொல்லுங்க.

தெக்கலூரு வந்துருச்சாட்ட இருக்குது. கண்டக்டரே, சித்த நிறுத்திக்குங்க, மெதுவாத்தான் எறங்குவேன். புடிக்க வேண்டாம் கண்ணு, நானே எந்திரிச்சுக்குவேன்.

ஏனுங்க, உங்ககிட்ட ஒண்ணு கேக்கட்டுங்களா? எனக்கு இது பழகிப்போன காது. உங்களுக்குப் புதுசு. நான் இங்க இருந்து படிக்கட்டு வரைக்கும் நடக்கறேன், நீங்க கேட்டுச் சொல்லுங்க. இன்னைக்குன்னு பாத்து கொஞ்சம் கம்மியா இருக்கற மாதிரி இருக்குது. பெரிய ஹாலுங்க அவங்களுது. அந்தக் கடைசியில உக்காந்திருந்தாலும் கேக்கணும்.

கேட்டுச்சுங்களா? நல்லாக் கேட்டுச்சுங்களா?

டிரைவரண்ணா, அந்த இஞ்சினைச் சித்த அமத்துங்க. இன்னொருக்கா நடந்து காட்டறேன்.